குழந்தைகள் தீவிர சிகிச்சையும் ஆம்புலன்ஸ் பயணமும்: மருத்துவர் பயிற்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்படிப்பு மாணவர்களும், மாவட்ட, தாலுகா மருத்துவமனைகளில் பணியாற்றும் மருத்துவர்களும், சில நேரம் பெற்றோரும் கேட்கும் கேள்விகள் இவை. தமிழ்நாட்டுச் சூழலை மனத்தில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். இடையிடையே வரும் மருந்தளவுகளும் கணக்குகளும் பயிற்சியில் என்ன சொல்லித்தரப்படுகிறது என்று காட்டுவதற்காக. சிகிச்சைக்கு உங்கள் பிரிவின் நெறிமுறையையே பாருங்கள்.

குழந்தை மருத்துவம் படித்தவர் தீவிர சிகிச்சையை ஏன் தனியாகக் கற்க வேண்டும்?

எம்.டி. படிக்கும் மூன்று ஆண்டுகளில் புறநோயாளர் பிரிவு, வார்டு, பிறந்த குழந்தைப் பிரிவு, தடுப்பூசி, வளர்ச்சிக் குறைபாடு என்று எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடைப்பது சில மாதச் சுழற்சிதான். மூத்தவர் பக்கத்தில் நிற்க, வென்டிலேட்டரில் எண்களை மாற்றப் பழகுவதற்கு அது போதும். நுரையீரல், சிறுநீரகம், இதயம் மூன்றும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு சரியும் ஒரு குழந்தையை ஐந்து நாள் தாங்கிப் பிடிக்க அது போதாது.

இந்தத் துறையின் வயதும் குறைவுதான். 1952இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, மூச்சுத் தசைகள் செயலிழந்த 12 வயதுச் சிறுமிக்குக் கழுத்தில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, பையைக் கையால் அழுத்திக் காற்றைச் செலுத்தினார் பியோர்ன் இப்சன் என்ற மயக்கவியல் மருத்துவர். சிறுமி பிழைத்தாள். அடுத்து வந்த நோயாளிகளுக்கு மருத்துவ மாணவர்கள் முறை வைத்து, இரவு பகலாகப் பையை அழுத்தினார்கள். குழந்தைகளுக்கென்றே தீவிர சிகிச்சைப் பிரிவு ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் 1955இலும், அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 1967இலும் தொடங்கியது. நம் ஊரில் வென்டிலேட்டர் காலியில்லாத இரவுகளில் தகப்பனோ மாமனோ ஆம்பு பையை அழுத்திக்கொண்டு கட்டிலருகே உட்கார்ந்திருந்த காலம் அப்படியொன்றும் பழையதல்ல.

இந்தியாவில் இதற்கு என்ன படிப்புகள் இருக்கின்றன?

குழந்தை மருத்துவத்தில் எம்.டி. அல்லது அதற்கு இணையான டி.என்.பி. முடித்தபின் நீட் உயர்சிறப்புத் தேர்வு எழுதி, குழந்தைகள் தீவிர சிகிச்சையில் டி.எம். அல்லது டி.ஆர்.என்.பி. எனும் உயர்சிறப்புப் படிப்பில் சேரலாம். இரண்டும் மூன்று ஆண்டுப் படிப்புகள். இடங்கள் குறைவு. இவை தவிர, இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கமும் இந்தியத் தீவிர சிகிச்சை மருத்துவர் சங்கமும் இணைந்து நடத்தும் பட்டய, ஃபெலோஷிப் பயிற்சிகள் உண்டு. பெரிய தனியார் மருத்துவமனைகளில் பணிபுரியும் பலர் இந்த வழியில் வந்தவர்களே.

எது சிறந்தது என்று கேட்டால், சான்றிதழின் பெயரைவிட, பயிலும் இடத்தில் எத்தனை படுக்கைகள், எத்தகைய நோயாளிகள், இரவில் மூத்தவர் நேரில் வருவாரா தொலைபேசியில் மட்டும் பேசுவாரா என்பதை விசாரியுங்கள். அங்கே ஏற்கெனவே படிப்பவரைக் கேன்டீனில் பிடித்து அரை மணி நேரம் பேசினால் எல்லாம் தெரிந்துவிடும்.

பிரிட்டன் போகலாமா?

போகலாம். அங்கே குழந்தை மருத்துவம், மயக்கவியல், பெரியவர்களுக்கான தீவிர சிகிச்சை ஆகிய வழிகளில் வருபவர்கள் இந்தத் துணைச்சிறப்பில் சேர முடியும். குறிப்பிட்ட காலம் பயிற்சி பெற்றுத் திரும்புவதற்கென்று மருத்துவப் பயிற்சித் திட்டம் ஒன்றும் வெளிநாட்டவருக்காக இருக்கிறது. அங்கே போனால் கட்டாயம் கற்றுக்கொண்டு வர வேண்டியது, குழந்தையை ஒரு மருத்துவமனையிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் கலையை. வென்டிலேட்டரை இங்கேயே நன்றாகக் கற்கலாம்.

நோயாளரை ஆம்புலன்ஸில் அழைத்துச் செல்வதற்குக்கூடத் தனிப் பயிற்சியா?

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான்.

பிரிட்டனில் 1990களில் குழந்தைகள் தீவிர சிகிச்சை பல சிறிய மருத்துவமனைகளில் சிதறிக் கிடந்தது. ஆளுக்கொரு படுக்கை, ஆண்டுக்குச் சில குழந்தைகள் என்றால் யாருக்கும் கை பழகாது. பெரிய மையங்களில் அதைக் குவிக்க வேண்டும், குழந்தைகளை அங்கே கொண்டுவரத் தேர்ந்த குழுக்கள் வேண்டும் என்று 1997இல் அரசு அறிக்கை ஒன்று சொன்னது. அதையொட்டி வந்த குழுக்களில் ஒன்றுதான் 2001இல் லண்டனில் தொடங்கிய ‘கேட்ஸ்’. கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையைச் சார்ந்தது. இதன் நடைமுறை நம்முடையதற்கு நேர் எதிர். நாம் குழந்தையைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறோம். அவர்கள் பெரிய மருத்துவமனையின் மருத்துவரையும் செவிலியரையும் குழந்தையிடம் அனுப்புகிறார்கள். குழு வந்து, அங்கேயே சிகிச்சையைத் தொடங்கி, குழந்தை தாங்கும் என்று தெரிந்த பிறகே வண்டி நகரும்.

இதனால் பலன் உண்டா என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. இங்கிலாந்து, வேல்ஸ் தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் பதிவுகளை ஆராய்ந்து பத்மநாபன் ராம்நாராயண் குழுவினர் 2010இல் லான்செட் இதழில் கட்டுரை வெளியிட்டார்கள். சிறப்புக் குழுக்கள் அழைத்து வந்த குழந்தைகளிடையே உயிர்பிழைப்பு மேம்பட்டிருந்தது.

இங்கே நடப்பது என்ன? தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. பிறந்த குழந்தைகளுக்கான தனி வண்டிகளும் அதில் உண்டு. வண்டியில் இருப்பவர் அவசர மருத்துவ உதவியாளர். கட்டுப்பாட்டு அறையிலிருந்து மருத்துவர் தொலைபேசியில் வழிகாட்டுவார். வீட்டிலிருந்தோ சாலையிலிருந்தோ மருத்துவமனைக்கு வருவதற்கு இது பெரிய வரம். அதே வண்டியில், வாயில் குழாயும் கையில் மூன்று மருந்துச் சொட்டும் உள்ள நான்கு மாதக் குழந்தையை 90 கிலோமீட்டர் அனுப்புவது வேறு வகை வேலை. அந்தப் பயணத்தில் வண்டிக்குள் தீவிர சிகிச்சைப் பிரிவு ஒன்று ஓட வேண்டும். ஆனால் பல இடங்களில் அந்த வண்டியில் ஏற்றப்படுபவர் அன்றைக்கு டூட்டியில் இருப்பவர்களில் வயது குறைந்த பயிற்சி மருத்துவர்தான். துறையிலேயே கடினமான வேலையை, துறைக்கே புதியவரிடம் கொடுத்துக் கதவைச் சாத்துகிறோம். இதை மாற்றாமல் டி.எம். இடங்களை எவ்வளவு கூட்டினாலும் தாலுகா மருத்துவமனையில் இரவு 2 மணிக்கு மூச்சு வாங்கும் குழந்தைக்கு அது போய்ச் சேராது.

சீக்கிரம் கொண்டுபோவது முக்கியமா, நிலைப்படுத்திவிட்டுப் போவது முக்கியமா?

பெரும்பாலான குழந்தைகளுக்கு, நிலைப்படுத்துவதுதான். சைரன் சத்தம் எல்லோருக்கும் நம்பிக்கை தருகிறது. குழந்தையின் ரத்த அழுத்தத்தை அது உயர்த்துவதில்லை. அதிர்ச்சி நிலையில் (உறுப்புகளுக்கு ரத்த ஓட்டம் போதாத நிலையில்) உள்ள குழந்தைக்கு நரம்பு வழி திறந்து, திரவம் கொடுத்து, தேவைப்பட்டால் ரத்த அழுத்தத்தை உயர்த்தும் அட்ரினலின் சொட்டைக் கை நரம்பிலேயே தொடங்கி, சர்க்கரை அளவு பார்த்து, நுண்ணுயிர்க்கொல்லியின் முதல் ஊசியைப் போட்டு அனுப்ப ஒரு மணி நேரம் ஆகலாம். அந்த ஒரு மணி நேரம் வீணானது என்று உறவினர்கள் நினைப்பார்கள், சில மருத்துவர்களும் நினைப்பார்கள். கொண்டுபோய்ச் சேர்த்த இடத்தில் செய்யப்போவதும் முதலில் அதேதான். பயண நேரம் கழிந்த பிறகு செய்வார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

விதிவிலக்குகளும் உண்டு. தலையில் அடிபட்டு மண்டையோட்டுக்குள் ரத்தம் கட்டி, ஒரு கண்ணின் பாவை விரியத் தொடங்கிவிட்டது என்றால் அந்தக் குழந்தைக்குத் தேவை அறுவை அரங்கு. மூச்சுக்குழாயைப் பாதுகாத்துவிட்டு உடனே கிளம்ப வேண்டும். சிறப்புக் குழு வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது; பிரிட்டனிலும் இத்தகைய குழந்தையை அங்கிருக்கும் மருத்துவமனைக் குழுவே கிளப்பிக்கொண்டு போகும். எந்தக் குழந்தை எந்த வகை என்று பிரித்தறிவதே பயிற்சியின் பாதி.

புறப்படும் முன் என்னென்ன பார்க்கச் சொல்லித்தருகிறீர்கள்?

முதலில் ஆக்சிஜன். இதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பாதி வழியில் தீர்ந்துபோவது பெரும்பாலும் இதுதான்.

நம் மருத்துவமனைகளில் புழங்கும் ‘பி’ வகை சிலிண்டரின் கொள்ளளவு 10 லிட்டர். முழுதாக நிரப்பினால் அழுத்தமானி 150 பார் காட்டும். 10ஐ 150ஆல் பெருக்கினால் 1,500 லிட்டர் ஆக்சிஜன். வண்டியில் நிலையாகப் பொருத்தும் பெரிய ‘டி’ வகையில் சுமார் 7,000 லிட்டர் இருக்கும். இப்போது ‘பி’ சிலிண்டரின் மானி 70 காட்டுகிறது என்று வையுங்கள். மீதம் 700 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடினால் 70 நிமிடம். “சிலிண்டர் இருக்கிறதா?” என்று கேட்டால் “இருக்கிறது, டாக்டர்” என்றுதான் பதில் வரும். மானியில் எவ்வளவு என்று கேட்க வேண்டும், அதையும் நீங்களே திறந்து பார்க்க வேண்டும்.

எடுத்துச் செல்ல வேண்டிய அளவு, பயண நேரத்துக்குத் தேவையானதைப்போல் இரு மடங்கு. வால்பாறையிலிருந்து கோவைக்குப் போக வேண்டும் என்றால், ஆழியாறு வரைக்கும் மலைப்பாதை, 40 கொண்டை ஊசி வளைவுகள். மூன்றரை மணி நேரம் என்று கணக்கிட்டால் 210 நிமிடம்; இரு மடங்கு 420. நிமிடத்துக்கு 10 லிட்டர் வீதம் 4,200 லிட்டர். அதாவது முழுதாக நிரம்பிய ‘பி’ சிலிண்டர் மூன்று. வழியில் யானை நின்றால் வண்டியும் நிற்கும். அந்த நேரத்துக்கும் சேர்த்துத்தான் இரு மடங்கு.

அடுத்து, மூச்சு கொடுப்பதற்காக வாய்வழியே உள்ளே வைக்கும் குழாய். குழாயின் அளவுக்கும் ஆழத்துக்கும் வயதை வைத்துச் சூத்திரங்கள் உண்டு. வயதை நான்கால் வகுத்து மூன்றரை கூட்டினால் காற்றுப்பட்டை (காற்று கசியாமல் அடைக்க, குழாயைச் சுற்றி உப்பும் பட்டை) உள்ள குழாயின் அளவு; வயதில் பாதியுடன் 12 கூட்டினால் உதட்டருகே எத்தனை சென்டிமீட்டர் என்பது. நான்கு வயதுக் குழந்தைக்கு நாலரை அளவுக் குழாய், 14 சென்டிமீட்டர். இதை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். பயணத்தில் கைகொடுப்பது வேறொன்று: தலை குனிந்தால் குழாய் உள்ளே இறங்கும், நிமிர்ந்தால் மேலே ஏறும். பச்சிளங்குழந்தையின் மூச்சுக்குழாய் மொத்தமே நான்கைந்து சென்டிமீட்டர் நீளம்தான். ஸ்ட்ரெச்சரில் தூக்கும்போது தலை ஒருமுறை துவண்டால் போதும், குழாய் வலது நுரையீரலுக்குள் போய்விடும், அல்லது வெளியே வந்துவிடும். அதனால்தான் ஒவ்வொரு முறை தூக்கி வைத்த பிறகும் மார்பின் இரு பக்கமும் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்கச் சொல்கிறோம். தூக்கும்போது குழாயைப் பிடிப்பவரே “தூக்கலாம்” என்று சொல்ல வேண்டும், வேறு யாரும் சொல்லக் கூடாது.

மற்றவை: இரண்டு நரம்பு வழிகள், வயிற்றைக் காலி செய்யும் குழாய், மருந்து செலுத்தும் பம்புகளின் மின்கலம், பெயர் எழுதி ஒட்டிய மருந்துச் சிரிஞ்சுகள், கைக்கெட்டும் இடத்தில் ஆம்பு பையும் முகமூடியும், குழந்தையின் எடை. எடையை ஊகிக்க ‘வயதுடன் நான்கு கூட்டி இரண்டால் பெருக்கு’ என்ற சூத்திரத்தைக் கற்றுத்தருவது வழக்கம். நம் குழந்தைகளில் பலர் அதைவிட மெலிந்தவர்கள். எடை பார்க்கும் இயந்திரம் பக்கத்திலேயே இருக்கும்போது சூத்திரம் எதற்கு?

வழியில் சாச்சுரேஷன் (ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவு) இறங்கினால்?

நான்கு காரணங்களை வரிசையாகத் தேடுங்கள். குழாய் இடம் மாறியதா, சளியால் அடைத்ததா, நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்ததா, கருவி கெட்டதா. வென்டிலேட்டரைக் கழற்றிவிட்டுக் கையால் பையை அழுத்திப் பார்த்தால் கருவியா குழந்தையா என்பது உடனே தெரிந்துவிடும். ஓடும் வண்டியில் ஸ்டெதாஸ்கோப்பில் எதுவும் கேட்காது. ஓட்டுநரிடம் சொல்லி ஓரமாக நிறுத்தச் சொல்லுங்கள். இளம் மருத்துவர்கள் வண்டியை நிறுத்தச் சொல்லத் தயங்குகிறார்கள். சைரன் போட்டுக்கொண்டு போகும் வண்டியை நிறுத்துவது ஏதோ குற்றம்போல. ஆகவே பயிற்சியில் “வண்டியை நிறுத்துங்கள், அண்ணா” என்று வாய்விட்டுச் சொல்லவே பழக்குகிறோம்.

பெரியவரைவிடக் குழந்தைக்கு உடல் எடைக்கேற்ற ஆக்சிஜன் செலவு ஏறக்குறைய இரு மடங்கு, இருப்போ குறைவு. யோசித்துக்கொண்டிருக்க நேரம் கிடைக்காது.

திரவம் எவ்வளவு கொடுப்பது? ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்கிறார்களே?

சொல்லத்தான் செய்வார்கள், ஏனென்றால் இதில் கருத்தே மாறியிருக்கிறது. நாங்கள் படித்த காலத்தில் அதிர்ச்சி நிலை என்றால் கிலோவுக்கு 20 மி.லி. வேகமாக, தேவையென்றால் திரும்பவும், என்பதே மந்திரம். உகாண்டா, கென்யா, தான்சானியா நாடுகளில் காய்ச்சலும் ரத்த ஓட்டக் குறைவும் கொண்ட 3,141 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2011இல் வெளியானது. வேகமாகத் திரவம் கொடுக்கப்பட்ட குழுக்களில் 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் சுமார் 10.5 சதவீதம், கொடுக்காத குழுவில் 7.3 சதவீதம். வென்டிலேட்டர் வசதி இல்லாத மருத்துவமனைகள் அவை. உலகமே திகைத்தது. தீவிர சிகிச்சை வசதி இல்லாத இடத்தில், ரத்த அழுத்தம் இறங்காத குழந்தைக்கு வேகத் திரவம் வேண்டாம் என்று 2020இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. வசதி இருக்கும் இடங்களிலும் கிலோவுக்கு 10 முதல் 20 மி.லி. கொடுத்து, ஒவ்வொரு முறையும் குழந்தையைத் திரும்பப் பார்க்கச் சொல்கிறது.

நமக்கு இதைத் தினமும் கற்றுத்தருவது டெங்கு. காய்ச்சல் விட்ட பிறகுதான் ஆபத்து தொடங்கும். ரத்தக் குழாய்களிலிருந்து பிளாஸ்மா கசிவது 24 முதல் 48 மணி நேரம். அந்த நேரத்தில் திரவம் குறைந்தால் அதிர்ச்சி. கூடினால் நெஞ்சிலும் வயிற்றிலும் நீர் சேர்ந்து மூச்சுத் திணறல். கசிவு நின்ற பிறகும் சொட்டு மருந்தை அதே வேகத்தில் ஓடவிட்டால் வெளியே போன நீர் உள்ளே திரும்பி நுரையீரலை நிரப்பும். மாணவர்களிடம் நான் கேட்பது ஒரே விஷயம்: இந்தக் குழந்தையின் கல்லீரலை ஒரு மணி நேரத்துக்கு முன் எங்கே தொட்டீர்கள், இப்போது எங்கே தொடுகிறது? திரவம் கூடினால் அது கீழே இறங்கும். பேனாவால் வயிற்றில் கோடு போட்டு வைக்கச் சொல்வேன். பெற்றோர் ஒருமாதிரி பார்ப்பார்கள், பரவாயில்லை.

ரத்த அழுத்தம் சரியாக இருந்தால் பயமில்லை அல்லவா?

பயம் உண்டு. குழந்தையின் ரத்தக் குழாய்கள் இறுகிக்கொண்டு அழுத்தத்தைக் கடைசிவரை தாங்கிப் பிடிக்கும். ஒன்றிலிருந்து பத்து வயது வரை, 70உடன் வயதின் இரு மடங்கைக் கூட்டி வரும் எண்ணுக்குக் கீழே மேல் அழுத்தம் போய்விட்டது என்றால் நேரம் ஏற்கெனவே கடந்துவிட்டது. இதயத் துடிப்பின் வேகம், பாதத்தின் சூடு, நகத்தை அழுத்திவிட்டால் நிறம் திரும்பும் நேரம், தாயை அடையாளம் கண்டுகொள்கிறதா என்பது, இவையெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிடும்.

பிறந்த குழந்தையை அனுப்பும்போது?

சூடும் சர்க்கரையும். குழந்தை 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். வண்டியின் ஏசியை அணைக்கச் சொன்னால் ஓட்டுநர் முகம் சுளிப்பார், அணைக்கச் சொல்லுங்கள். இன்குபேட்டர் இல்லையென்றால், மூச்சு சீராக இருக்கும் குழந்தையைத் தாயின் நெஞ்சோடு தோல் படும்படி வைத்துக் கட்டி அனுப்புவது நல்ல வழி. வெந்நீர்ப் பை வேண்டாம், தோல் வெந்துவிடும். வெப்பநிலை, ஆக்சிஜன், ரத்த ஓட்டம், சர்க்கரை ஆகிய நான்கை மட்டும் பார்த்து ஆபத்தைக் கணிக்கும் ‘டாப்ஸ்’ என்ற முறையை டெல்லி மருத்துவர்கள் 2007இல் வெளியிட்டார்கள். ஆய்வகம் வேண்டாம், கருவிகளும் அதிகம் வேண்டாம். புறப்படும்போது ஒருமுறை, சேர்ந்ததும் ஒருமுறை குறித்துவைத்தால், பயணத்தில் நாம் குழந்தைக்கு நல்லது செய்தோமா கெட்டது செய்தோமா என்பது தாளிலேயே தெரிந்துவிடும்.

பாம்புக்கடி, தேள்கடி வந்தால் உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவிடலாமா?

நஞ்சுமுறி மருந்து உங்களிடம் இருக்கும்போது அதைப் போடாமல் அனுப்புவதை நான் ஏற்கமாட்டேன். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்து. குழந்தை என்பதால் அளவைக் குறைக்கக் கூடாது. பாம்பு ஆளின் எடை பார்த்து நஞ்சைச் செலுத்துவதில்லை. பெரியவருக்கு எவ்வளவோ குழந்தைக்கும் அவ்வளவே. ரத்தம் உறைகிறதா என்று பார்க்க, சுத்தமான கண்ணாடிச் சோதனைக்குழாயில் சிறிது ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்த்தால் போதும்.

கட்டுவிரியன் கடித்த குழந்தையிடம் கண் இமை தொங்கத் தொடங்கினால் அடுத்து விழுங்குவது, பிறகு மூச்சு. இமை தொங்கும் குழந்தையைப் பாதுகாப்பில்லாத மூச்சுக்குழாயோடு ஒன்றரை மணி நேரப் பயணத்துக்கு அனுப்புவது, வழியில் மூச்சு நிற்கும் என்று தெரிந்தே அனுப்புவதற்குச் சமம்.

செந்தேள் கடிக்கு, மகாராஷ்டிராவின் மஹாட் என்ற சிற்றூரில் பணியாற்றிய டாக்டர் ஹிம்மத்ராவ் பவஸ்கர் 1980களில் நிறுவிய பிரசோசின் மாத்திரையை முதல் மருத்துவமனையிலேயே கொடுக்க வேண்டும். பெரிய ஆய்வகம் எதுவும் இல்லாத ஊரிலிருந்து வந்த சிகிச்சை அது. சிற்றூர் மருத்துவர்கள் தங்களைக் குறைத்து மதிப்பிடும்போதெல்லாம் நான் அவரைப் பற்றிச் சொல்வதுண்டு.

பொம்மையை வைத்துப் பயிற்சி என்கிறார்களே, உண்மையில் பயன் உண்டா?

உண்டு, பிறகு நடக்கும் பேச்சு சரியாக இருந்தால். பத்து நிமிடக் காட்சிக்கு அரை மணி நேரப் பேச்சு. யார் எப்போது அட்ரினலின் கேட்டார், அதைக் கேட்டவர் திருப்பிச் சொன்னாரா, குழாய் போடும் முயற்சியில் எல்லோரும் குனிந்துகொண்டிருந்தபோது மானிட்டரை யார் பார்த்தார் என்று காணொளியை நிறுத்தி நிறுத்திப் பேச வேண்டும். விலை உயர்ந்த பொம்மை கட்டாயமில்லை. நிறுத்தி வைத்த ஆம்புலன்ஸுக்குள், இரவில், விளக்கை மங்கலாக்கி, சாதாரணப் பொம்மையை வைத்து ஒருமுறை செய்துபாருங்கள். சளி உறிஞ்சும் கருவியின் மின்கம்பி சுவரில் உள்ள இணைப்புவரை எட்டாது என்பது அப்போதுதான் தெரியும்.

பி.ஏ.எல்.எஸ். (குழந்தைகளுக்கான மேம்பட்ட உயிர்காப்புப் பயிற்சி) போன்ற இரண்டு நாள் வகுப்புகளும் வேண்டும். சான்றிதழ் இரண்டு ஆண்டு செல்லும். கைத்திறனோ சில மாதங்களிலேயே மங்கத் தொடங்கும். சுவரில் மாட்டுவதற்குச் சான்றிதழ் போதும், குழந்தைக்குப் போதாது.

செவிலியருக்கும் இதே பயிற்சியா?

ஆம், ஒன்றாக உட்கார்ந்து. தனித்தனியாகப் பயின்றவர்கள் வண்டிக்குள் முதன்முதலாகச் சந்திப்பது ஆபத்து. அனுபவமுள்ள செவிலியரோடு போகும் இரண்டாம் ஆண்டு மாணவர், தனியாகப் போகும் மூத்தவரைவிடப் பாதுகாப்பாகக் கொண்டுசேர்ப்பார் என்பது என் கருத்து.

பெற்றோர் வண்டியில் ஏறலாமா? அவர்களிடம் என்ன சொல்வது?

ஒருவரையாவது ஏற்றிக்கொள்ளுங்கள், இருக்கைப்பட்டை போட்டு. இன்னொரு வண்டியில் பின்தொடரச் சொன்னால் அப்பா மோட்டார் சைக்கிளில் ஆம்புலன்ஸைத் துரத்துவார். அந்த விபத்தையும் நாம்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

சொல்ல வேண்டியதைக் கிளம்பும் முன்பே சொல்ல வேண்டும். “அம்மா, பாப்பாவுக்கு மூச்சு விடச் சிரமமாக இருப்பதால் குழாய் வைத்திருக்கிறோம். மதுரைக்குப் போக இரண்டு மணி நேரம் ஆகும். வழியில் மோசமாகவும் வாய்ப்பு இருக்கிறது. நானும் சிஸ்டரும் கூடவே வருகிறோம். நடுவில் வண்டியை நிறுத்தினால் பயப்படாதீர்கள், பாப்பாவைச் சரியாகப் பார்ப்பதற்காகத்தான் நிறுத்துவோம்.” இவ்வளவுதான். “ஒன்றும் ஆகாது” என்ற வாக்கியத்தை மட்டும் தவிர்க்கவும். போகும் மருத்துவமனையின் பெயர், எந்தக் கட்டடம், யாரைப் பார்க்க வேண்டும் என்பதைத் தாளில் எழுதிக் கொடுத்தால் பின்னால் வரும் தாத்தாவும் சித்தப்பாவும் வாசலில் அலைய மாட்டார்கள்.

அனுப்பும் கடிதத்தில் என்ன எழுத வேண்டும்?

‘மேல் சிகிச்சைக்காக அனுப்பப்படுகிறது’ என்ற ஒற்றை வரியைத் தவிர எதையும். எடை, வந்த நேரம், கொடுத்த மருந்தும் அளவும் நேரமும், மொத்தத் திரவம், குழாயின் அளவும் ஆழமும், கடைசியாகச் சிறுநீர் கழித்த நேரம். இதற்கு முன்பே தொலைபேசியில் பேசி, படுக்கை இருக்கிறதென்று உறுதிசெய்து, பேசியவரின் பெயரையும் கடிதத்தில் குறித்துவிடுங்கள். சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைபோல் எப்போதும் நிரம்பி வழியும் இடத்துக்கு அனுப்பும்போது, பேசாமல் அனுப்புவது குழந்தையை வரிசையில் நிறுத்துவதாகும்.

ஹெலிகாப்டர்?

மேலே போகப் போகக் காற்று விரியும். நுரையீரலைச் சுற்றிச் சிறிதளவு காற்று சேர்ந்த குழந்தைக்கு அதை வடிக்காமல் ஏற்றினால் வானத்தில் வடிக்க வேண்டியிருக்கும். இதைத் தெரிந்துகொள்ளுங்கள். மற்றபடி, நம் மாவட்டங்களுக்கு இடையே சாலைவழியை ஒழுங்குபடுத்துவதே முதல் வேலை.

தாலுகா மருத்துவமனையில் இருக்கிறேன். டி.எம். படிக்கும் எண்ணமில்லை. எங்கிருந்து தொடங்குவது?

ஒரு பையிலிருந்து. குழந்தைகளுக்கான முகமூடிகள் எல்லா அளவிலும், குழாய்கள், குழாய் போடத் தொண்டைக்குள் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப்பும் உதிரி விளக்கும், எலும்புக்குள் மருந்து செலுத்தும் ஊசி, 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், அட்ரினலின், வலிப்புக்கு மிடசோலம், சர்க்கரை பார்க்கும் கருவி. பையை முத்திரையிட்டு மூடுங்கள். முத்திரை உடைந்திருந்தால் யாரோ எதையோ எடுத்திருக்கிறார்கள் என்று பொருள். மாதம் ஒருமுறை திறந்து காலாவதி தேதி பாருங்கள்.

பிறகு, தமிழ்நாட்டு அரசின் விபத்து, அவசர சிகிச்சைத் திட்டத்தில் குழந்தைகளுக்கான அவசரப் பயிற்சியும் ஓர் அங்கம்; உங்கள் மருத்துவமனைக்கு எப்போது என்று மாவட்ட இணை இயக்குநர் அலுவலகத்தில் கேட்டு, உங்களோடு இரவு டூட்டி பார்க்கும் செவிலியர் பெயரையும் சேர்த்துக் கொடுங்கள். அருகிலுள்ள மருத்துவக் கல்லூரியின் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவின் நேரடித் தொலைபேசி எண்ணை வாங்கிச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். நீங்கள் அனுப்பிய ஒவ்வொரு குழந்தைக்கும் மறுநாள் அந்த எண்ணுக்குப் பேசி, எந்த நிலையில் வந்து சேர்ந்தது, எதை வேறு மாதிரி செய்திருக்கலாம் என்று கேளுங்கள். முதல் இரண்டு மாதம் எரிச்சலோடு பதில் சொல்வார்கள். மூன்றாவது மாதம், அனுப்பும் முன்பே அவர்களாக உங்களோடு பேசத் தொடங்குவார்கள்.